மண்ணுக்கு ஷேடு பார்த்த மூன்று நாள்

எங்கள் சாயப்பட்டறையில் பாய்லர் சோதனைக்காக மூன்று நாள் வேலையை நிறுத்தினார்கள். இப்படி விடுமுறை கிடைத்தால் லேபில் இருப்பவர்கள் ஊட்டிக்கோ சொந்த ஊருக்கோ போவார்கள். நான் மண் பார்க்கப் போனேன். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் மூட்டை கட்டினேன். மூட்டையில் இருந்தது இரண்டு சேலை, ஒரு கட்டு பிளாஸ்டிக் பை, ஒரு ஸ்கெட்ச் பேனா, அவ்வளவுதான்.

என் வேலை நிறம் பார்ப்பது. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு சின்னத் துணித்துண்டை அனுப்பி, இதே நிறத்தில் பனியன் வேண்டும் என்பார். அந்தத் துண்டுக்கு எங்கள் பேச்சில் ஸ்டாண்டர்ட் என்று பெயர். சாயங்களைக் கலந்து, அதற்கு இம்மியும் குறையாமல் நிறம் கொண்டுவந்து காட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதனால் என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர் இந்தப் பயணத்தில் என்ன பாடு பட்டது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

போன காரணம் இது. திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் காலனிக்குப் பின்னால் ஓர் ஓடை நொய்யல் ஆற்றைத் தேடிப் போகிறது. அதன் கரையில் நீளமாக ஒரு வெற்றிடம். அங்கே மரம் வைக்கலாம் என்று கிளப்பிவிட்டவள் நான். காலனிப் பெண்கள் இருபது பேர் வந்தார்கள். எல்லோரும் பனியன் கம்பெனியில் தைக்கிறவர்கள், பாதிப் பேர் என்னைப் போலத் தெற்கே இருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமையை எனக்குக் கொடுத்துக் குழி வெட்டினார்கள். முதல் தடவை குளத்து வண்டல் போட்டு நீர்மருது வைத்தோம். எல்லாம் கருகியது. வெயில் என்றேன். இரண்டாம் தடவை லாரியில் செம்மண் இறக்கி நாவலும் மகிழமும் வைத்தோம். முறை போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அதுவும் போனது. அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

பொன்னுத்தாய் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள், எங்கள் ஊர்ப்பக்கம். இரண்டு தடவையும் முதல் கன்று அவள்தான் வைத்தாள். "எக்கா, இனிமே என்னைக் கூப்பிடாதிய. எனக்குக் கைராசி கெடையாது. நான் வச்சதுனாலதான் அத்தனையும் பட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் வராததால் மற்றவர்களும் வரவில்லை. இடத்தைப் பார்க்க வந்த மாநகராட்சி அதிகாரி தன்மையாகத்தான் சொன்னார்: "இந்த மழைக்கு ஒரு வாட்டி பாருங்க. தை மாசம் வருவனுங்க. செடி நின்னுச்சுன்னா எடம் உங்களுது. இல்லீன்னா காங்கிரீட் போட்டு வண்டி நிறுத்தறதுக்கு உட்டுருவோங்க."

காங்கிரீட்டை நினைத்தாலும் கோபம் வந்தது. ஆனால் பொன்னுத்தாயின் மூடிய கதவுதான் அதிகம் உறுத்தியது. மூன்றாம் தடவை தோற்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

என் திட்டம் எளிது. வெளிமண் கொண்டுவந்து போட்டதுதான் தப்பு. இருக்கிற மண்ணில் இயற்கையாக எது வளருமோ அதை வைக்க வேண்டும். எங்கள் ஓடை மண்ணை ஒரு பையில் போட்டு மேலே 'ஸ்டாண்டர்ட்' என்று எழுதினேன். நொய்யல் பாயும் சீமை முழுக்கச் சுற்றி, இதே நிற மண் எங்கே இருக்கிறதோ அங்கே தானாக நிற்கும் மரம் எதுவோ அதைப் பிடித்துவருவது. இதைக் கேட்டதும் வண்டி தருகிறேன் என்றவள் நூர்ஜகான். கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கும் துணிக் கழிவை வாங்கி விற்கிறவள். குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்ன சரக்கு வண்டி ஒன்று வைத்திருக்கிறாள், அதை அவளே ஓட்டுவாள். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைவிட இரண்டு வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

முதல் நாள் ஆற்றோடு கீழே இறங்கி, காங்கேயம் பக்கம் போனோம். மண் சிவந்துகொண்டே போனது. சரளை கலந்த சிவப்பு. ஒரு சாண் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் தட்டுப்பட்டது. அங்கே கொறங்காடு என்று ஒன்று உண்டு. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே குடை பிடித்தாற்போல் வெள்வேல மரம். மாடும் ஆடும் தாமாக மேயும், யாரும் உழுவதில்லை. எங்கள் ஊர்த் தேரிக்காட்டு மண் இதைவிடச் சிவப்பு, ஆனால் அது மணல். கையில் எடுத்தால் ஒழுகிவிடும். அங்கே பனையும் உடைமரமும்தான் ராஜா. சிவப்பு என்றால் எல்லாம் தேரி மண் போலத்தான் என்று நினைத்து லாரிச் செம்மண்ணுக்கு ஆசைப்பட்டவள் நான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

நான் ஸ்டாண்டர்ட் பையையும் புதுப் பையையும் பக்கத்தில் பிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டுக்குச் சொந்தக்காரர் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ரோட்டு வேலைக்கு வந்தீங்களா?"

"இல்லைங்க. மரம் வைக்க மண்ணு பார்க்கோம்."

"மண்ணு பாக்கறவங்க தொட்டுப் பாப்பாங்க, மோந்து பாப்பாங்க. நீங்க என்னமோ பொடவைக்கு ஜாக்கெட்டுத் துணி சேத்தறாப்ல புடிச்சுப் பாக்கறீங்களே."

நூர்ஜகான் வண்டிக்குள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் வீட்டிலிருந்து வந்த கம்மங்கூழையும் சின்ன வெங்காயத்தையும் வேண்டாம் என்று சொல்லுமளவுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு சொம்பு குடித்தேன்.

திரும்பும்போது ஆற்றங்கரையில் ஓர் இடம். தரை மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சீமைக்கருவேலமும், கிளைகள் தரையைத் தொடத் தொங்கும் ஏதோ ஒரு பச்சை மரமும்தான் இருந்தன. நூர்ஜகான் பிரேக் போட்டாள்.

"அக்கா, அது மிஸ்வாக்கு மரமுங்க. எங்கூட்ல பல்லு வெளக்கற குச்சி. இத்தன பெருசா நான் பாத்ததே இல்லீங்க. ஒரு நிமிசம் எறங்கலாமா?"

"மண்ணு வெள்ளையா இருக்கு பாரு. நம்மது சாம்பல் கலந்த பழுப்பு. சேராது. வண்டிய எடு" என்றேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தாள்.

இரண்டாம் நாள் மேற்கே, சோமனூர் தாண்டி. அங்கங்கே கரிசல் துண்டு துண்டாக வரும். நிறம் சேராது என்று தூரத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கணக்குக்கு ஒரு பை எடுத்துவிடுவோம் என்று காட்டுப் பாதையில் வண்டியை விடச் சொன்னேன். முந்தின நாள்தான் அங்கே தூறியிருக்கிறது. கரிசல் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் கோந்தாகிவிடும். பத்தடி போவதற்குள் நாலு சக்கரமும் மண்ணைச் சுருட்டிக்கொண்டு வீங்கி நின்றுவிட்டன. நூர்ஜகான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பக்கத்திலிருந்த நுணா மரத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரில் மஞ்சணத்தி என்போம். அதன் வேரில் சாயம் இறங்கும் என்பதை அந்த நேரத்தில் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விசைத்தறிக் கூடம் ஒன்றிலிருந்து ஐந்து பேர் வந்து தள்ளினார்கள். வடக்கத்திப் பிள்ளைகள், உடம்பெல்லாம் பஞ்சுத் தூசி. தள்ளி முடித்ததும் என் கையில் இருந்த பைகளைக் காட்டி ஒருவன் இந்தியில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துணிக் கழிவு வியாபாரத்தில் இந்தி பழகிய நூர்ஜகான் சொன்னாள்: "எங்கூர்ல இந்த மண்ண அள்ளி ஊட்டுச் செவத்துக்குப் பூசுவோம், இவங்க பையில போட்டு ஊருக்குக் கொண்டுபோறாங்க, அங்க மண்ணே இல்ல போலன்னு பேசிக்கறாங்க." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தோம். சக்கரத்து மண்ணைக் குச்சியால் நோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று இரவு கோவையில் நூர்ஜகானின் தங்கை வீட்டில் நெய்ச்சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சாப்பிட்டுத் தூங்கியதுதான் அந்த நாளில் நடந்த ஒரே நல்ல காரியம்.

மூன்றாம் நாள் மலை. நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி எதிரே வர வர, இத்தனை வருடம் இந்த ஆற்றின் கழிவுநாற்றத்தை மட்டுமே அறிந்தவள், வண்டியின் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் தென்னந்தோப்பு நிற்கும் செவ்வல். அப்புறம் மலையிலிருந்து உருண்டு வந்த கல்லும் சரளையுமாக ஒரு மேட்டு நிலம். அதில் உசிலை, ஆவாரை, கள்ளி. கொஞ்சம் ஏறினால் மூங்கில், வேங்கை, நெல்லி. அதற்கு மேல் காட்டிலாகா விடாது, நாங்களும் கேட்கவில்லை. கீழே நின்றே அண்ணாந்து பார்த்தோம். மலை மடிப்புகளில் மட்டும் கருத்துத் திரண்ட சோலைக்காடு, மடிப்புக்கு வெளியே வெறும் புல். மழை முதலில் விழுவது அங்கே. நாங்கள் இருக்கும் திருப்பூருக்கு மிச்சம் மீதிதான் வரும்.

ஓர் ஓடையோரம் பாக்குத்தோப்பில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த மாராத்தாள் என்ற அம்மாள் எங்களை உட்காரச் சொன்னார். யானை வந்து போன தடத்தை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து போனதைச் சொல்வது போலச் சொன்னார். ஓடைக்கரையில் நான்கு பேர் கைகோத்தாலும் எட்டாத நீர்மருது. வெளுத்த அடிமரம், வேர் தண்ணீருக்குள். அதன் அடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்தேன். ஸ்டாண்டர்ட் பையைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம். சாம்பல் கலந்த பழுப்பு, கொஞ்சமும் தூக்கல் இல்லை, மட்டம் இல்லை. லேபில் இப்படி ஒரு ஷேடு வந்தால் அன்று நாங்கள் எல்லோருக்கும் டீ சொல்வோம்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மலை கரைந்து வருகிறது. கல்லை மேலேயே விட்டுவிட்டு, சரளையை வழியில் போட்டுவிட்டு, ஆறு கடைசியாகச் சுமந்து வருகிற மாவு போன்ற மண்தான் எங்கள் கரையில் படிந்திருக்கிறது. அதே மண், அதே ஓடைக்கரை. அப்படியென்றால் அதே மரம். முதல் தடவை நாங்கள் வைத்தது சரியான கன்றுதான், வண்டலைக் கொட்டிக் கெடுத்ததுதான் தப்பு. அறுபது நீர்மருதுக் கன்றுகளை எண்ணி வண்டியில் ஏற்றச் சொன்னேன். பொன்னுத்தாய் கதவைத் திறப்பதுபோல மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

மாராத்தாள் ராகிக்களியும் கீரையும் வைத்தார். களியைப் பிட்டுக்கொண்டே நூர்ஜகான் கேட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேப்பனுங்க, கோவிச்சுக்கக் கூடாது. உங்க லேபுல ஒரே லைட்டுல பாத்துட்டா ஓகே பண்ணிருவீங்களா?"

பிட்ட களியைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

சாயத் தொழிலில் முதல் வருடமே சொல்லித்தருவது இது. இரண்டு துணி பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாக இருக்கும். கடை விளக்கின் கீழே கொண்டுபோனால் ஒன்று பச்சை தட்டும், இன்னொன்று சிவப்புத் தட்டும். கலந்த சாயம் வேறு வேறு. கண் ஏமாந்திருக்கும். அதனால்தான் லேபில் நிறம் பார்க்கும் பெட்டிக்குள் இரண்டு விளக்கு வைத்து, இரண்டிலும் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். புதிதாக வந்த பெண்கள் ஒரே விளக்கில் பார்த்துவிட்டு வந்தால் நான் எப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியும்.

மண்ணுக்கு இரண்டாவது விளக்கு எது? மாராத்தாளிடம் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டேன். ஒன்றில் எங்கள் மண், ஒன்றில் அவர் மண். அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி வைத்தேன். திருப்பூரில் குடிதண்ணீரின் உப்பை அளக்கப் பேனா போல ஒரு மீட்டர் இருக்கும். என் கைப்பையில் அது எப்போதும் கிடக்கும். மூன்று நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. கண் இருக்கும்போது மீட்டர் எதற்கு என்ற நினைப்புதான்.

அரை மணியில் மலைமண் அடியில் உட்கார்ந்துவிட்டது. மேலே தண்ணீர் தெளிந்து, டம்ளருக்குப் பின்னால் இருந்த பாக்கு மரம் தெரிந்தது. எங்கள் மண் உட்காரவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் டீ போலக் கலங்கியே நின்றது. மீட்டரை முதல் டம்ளரில் விட்டபோது எண் அசையவே யோசித்தது. எங்கள் டம்ளரில் ஏறிக்கொண்டே போனது. சோடிய உப்பு ஏறிய மண் தண்ணீரில் இப்படித்தான் பிரிந்து மிதக்கும், வேர் மூச்சு விட முடியாதபடி இறுகும். இது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. துணியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டுவது எங்கள் அன்றாட வேலை. இப்போது கழிவை வெளியே விடுவதில்லை. முன்பு விட்டோம். அந்த உப்பு எங்கே போயிருக்கும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மாராத்தாளிடம் கன்றுகளை இறக்கிவிடுகிறேன் என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதுவும் கோபத்தில் வந்த அழுகை.

அவர் டம்ளர்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "கொண்டுபோயி சாகடிக்கறதுக்கு இங்கயே நிக்கட்டும், கண்ணு. உங்க மண்ணுக்குன்னு எது நிக்குதுன்னு உங்கூரு ஆத்தோரம் போய்ப் பாருங்க. மலையில வந்து தேடுனா?"

நூர்ஜகான் வண்டியைக் கிளப்பிக் கிழக்கே திருப்பினாள். திருப்பூரைத் தாண்டி அவள் நிறுத்தியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைப் பொருக்குத் தரை, தரையைத் தொடும் கிளைகள். அந்த மரத்தடி மண்ணையும், மாராத்தாளிடம் கேட்டு வாங்கிவந்த டம்ளரில் அவர் வீட்டுத் தண்ணீரையே ஊற்றிக் கலக்கினேன். நிறம் கொஞ்சமும் சேரவில்லை. மீட்டரில் எண் மட்டும் எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உகாய் என்று அதற்குப் பெயராம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். கொஞ்சம் தள்ளிக் கரைமேட்டில் புங்கன்களும் நின்றன. நூர்ஜகான் ஒரு குச்சியை ஒடித்துக் கடித்தபடி, "மொத நாளே எறங்கலாம்னேன்" என்றாள். நானும் ஒரு குச்சியை ஒடித்துக் கடித்தேன்.

காலனிக்குள் நுழைந்தபோது தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். என்ன மரம் கொண்டுவந்தேன் என்று பார்க்க வந்தவர்கள். வண்டி காலியாக இருந்தது. நூர்ஜகான் குழாயடிக் கல்லின் மேல் அந்த இரண்டு டம்ளர்களை வைத்தாள். நான் மலைமண்ணையும் எங்கள் மண்ணையும் போட்டுக் கலக்கினேன். ஒருத்தி குடத்தை மறந்து நின்றாள், தண்ணீர் வழிந்து ஓடியது. சத்தம் கேட்டுப் பொன்னுத்தாயும் வாசல்வரை வந்தாள்.

அரை மணியில் ஒன்று தெளிந்தது. ஒன்று தெளியவில்லை.

"இது நம்ம மண்ணு" என்றேன். "இதுல நெறைய உப்பு. எந்தக் கை வச்சாலும் அந்தக் கன்று செத்திருக்கும். பொன்னு, ஒன் கையில ஒரு கொறையும் இல்ல. இந்த ஓடைக்கு உப்புத் தண்ணிய விட்ட பட்டறையில, எத்தன உப்பு போடணும்னு அளவு எழுதிக் குடுத்தவ நான். என் கைதான்."

நான் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை செடி வைக்கப் போவதில்லை. வெறும் வரப்பு கட்டப் போகிறோம். மழைத்தண்ணீர் நின்று உப்பைக் கழுவி இறங்க வேண்டும், இறுகிய மண் இளக ஜிப்சம் தூவ வேண்டும். அதற்கப்புறம்தான் உகாயும் புங்கனும். அதுவும் நிற்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. தை மாதத்துக்குள் நின்று காட்ட வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றவள் மூன்றாவதைக் கேட்கிறேன், அதிலும் ஒரு கன்றுகூட இல்லாமல்.

பொன்னுத்தாய் வாசலிலிருந்து இறங்கி வந்தாள். கலங்கிய டம்ளரை எடுத்துத் தெருவிளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் வலது கையை விரித்து, அதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. என்மேல் கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டுமே இருந்திருக்கலாம்.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரணும்?" என்றாள்.

"ஆறு மணிக்கு" என்றேன்.

"ஆறு மணிக்கு வெயில் ஏறிரும். அஞ்சரைக்கு வாரேன். மம்பட்டி ரெண்டுதான் கெடக்கு, இன்னும் நாலு வாங்கி வையிங்க" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.